பழைய மரத்தை விடாதவன் அறிவிலியா?

தெம்பனிஸ் என்பது ஒரு மரத்தின் பெயர். வைரம் பாய்ந்த அந்தக் காட்டு மரத்தின் பெயரே ஊரின் பெயராயிற்று. காட்டு மரங்கள் சாய்ந்த பிறகு அதே மண்ணில் கித்தா மரம் நிரை நிரையாக நின்றது. பிறகு கித்தாவும் போயிற்று. 1970களின் இறுதியில் தொடங்கி அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. இன்று தெம்பனிஸில் பிறக்கும் பிள்ளைக்குப் பால்கத்தி இன்னது, மங்கு இன்னது என்று படம் காட்டித்தான் விளக்க வேண்டும்.

மரம் போய்விட்டது, ஆனால் அதன் விலை இந்தத் தீவை விட்டுப் போகவில்லை. சிங்கப்பூர்ச் சந்தையில் நடக்கும் ரப்பர் முன்பேர வாணிபத்தின் விலைதான் இன்றும் தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் ஒட்டுப்பால் விற்கிற ஏழைக்கு அளவுகோலாக இருக்கிறது. ஜொகூரில் விடியுமுன் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு தீம்பாருக்குப் போகிறவனின் அன்றைய வருமானம், அவன் கண்ணால் கண்டிராத ஒரு கட்டடத்தில் முடிவாகிறது.

இந்த விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி சொல்கிற ஒரு வார்த்தையை நாம் இன்று எடுத்துக்கொள்கிறோம். “சிறுதோட்டக்காரன் பிற்போக்கானவன். நல்ல ரகம் வந்தாலும் நட மாட்டான். பாட்டன் வைத்த மரத்தையே சுரண்டிக்கொண்டிருப்பான். அதனால்தான் விளைச்சல் இல்லை” என்பது அவர்களின் பேச்சு. ரப்பரைப் பற்றி மட்டுமல்ல, தேயிலையைப் பற்றியும் இதையே சொல்கிறார்கள். நம் தோழர்களிலும் கிராணிமார்களிலும் சிலர் இதை நம்பித் திருப்பிச் சொல்லக் கேட்கிறோம்.

இது யாருடைய சங்கதியோ என்று நாம் சும்மா இருந்துவிட முடியாது. நம் உறுப்பினர்களில் எத்தனை பேரின் அண்ணன் தம்பிகளிடம் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் இருக்கிறது! வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது சேமநிதிப் பணத்தில் துண்டு நிலம் வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்! இலங்கை மலைநாட்டில் நம் உறவினரிடம், “இனி நாட்சம்பளம் வேண்டாம், இந்தத் தேயிலைச் செடிகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், கொழுந்தை எங்களுக்கே கொடுங்கள்” என்று கம்பெனிகள் சொல்லத் தொடங்கிவிட்டன. ஆகவே எந்த மரத்தை நடுவது, ஏன் நடுவது, விளைச்சல் கூடினால் பலன் யாருக்கு என்பது நம்முடைய கேள்வியே.

மரம் வந்த வழி

கதையை அடியிலிருந்து பார்ப்போம். 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசில் காட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு, 1877-ல், 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்கு வந்தன. 1888-ல் அப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். சட்டைப்பையில் விதையை வைத்துக்கொண்டு போகிற வருகிற தோட்டக்காரரிடமெல்லாம் நடச் சொன்ன அவரை, அந்நாளில் பைத்தியக்காரர் என்றார்கள். 1896-ல் மலாக்காவில் டான் சாய் யான் துணிந்து நட்டார். அதன் பிறகு நடந்தது நம் பாட்டன் பாட்டிகளின் முதுகெலும்பு அறியும்.

முதலில் நட்டவை எல்லாம் விதைக் கன்றுகள். ஒரு மரம் வாளி நிரம்பக் கொடுக்கும். பக்கத்து மரம் மங்கின் அடியை நனைக்கும். ஜாவாவிலும் சுமத்ராவிலும் 1910களில் ஒட்டுக் கட்டும் முறை தேறியது. நல்ல மரத்தின் மொட்டை எடுத்து வேறு வேரில் ஒட்டினால், ஆயிரம் மரமும் அந்த ஒரு மரத்தைப் போலவே பால் தரும். 1925-ல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஏற்பட்டது. அங்கே கலந்து உண்டாக்கிய ரகங்களில் உலகெங்கும் பெயர் பெற்றது ஆர்.ஆர்.ஐ.எம். 600. பழைய விதை மரம் ஹெக்டருக்கு ஆண்டில் 500 கிலோ தந்தால், நல்ல ஒட்டு மரம் 1,500 கிலோவும் அதற்கு மேலும் தரும். இதை யாரும் மறுக்கவில்லை. சிறுதோட்டக்காரனும் மறுக்கவில்லை.

பின் ஏன் அவன் நடவில்லை?

கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொன்ன கதை

1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டம் நடந்தது. 1934-ல் உலக ரப்பர் ஒழுங்கு ஒப்பந்தம் வந்தது. விலை சரியாமல் இருக்க உற்பத்தியைக் குறைப்பது இவற்றின் நோக்கம். ஒவ்வொரு தோட்டமும் இவ்வளவுதான் விற்கலாம் என்று அளவு போட்டார்கள். அந்த அளவைப் போட்டபோது சிறுதோட்டங்களின் விளைச்சலைக் குறைத்தே மதித்தார்கள் என்பதைப் பொருளாதார அறிஞர் பீட்டர் பவர் எடுத்துக்காட்டினார். 1946-ல் மலாயாச் சிறுதோட்டங்களை நேரில் பார்த்து அறிக்கை எழுதியவர் அவர்.

1934 ஒப்பந்தத்தில் இன்னொரு முடிச்சும் இருந்தது. புது நிலத்தில் ரப்பர் நடுவது தடுக்கப்பட்டது. பழைய மரத்தை வெட்டிவிட்டு அதே இடத்தில் நடுவதற்கு மட்டும் ஓரளவு வழி விட்டார்கள். ஆயிரம் ஏக்கர் தோட்டத்துக்கு இது சுலபம். ஐம்பது ஏக்கரை வெட்டி நட்டாலும் தொள்ளாயிரத்து ஐம்பது ஏக்கரில் பால் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று ஏக்கர்காரன் என்ன செய்வான்? பக்கத்துப் புது நிலத்தில் நல்ல கன்றை வைத்து, அது வளரும்வரை பழைய மரத்தில் பிழைப்பதுதான் அவனுக்குத் தெரிந்த வழி. அந்த வழியைச் சட்டமே அடைத்தது. அடைத்தவர்களே பின்னர், “பாருங்கள், இவன் புது ரகம் நடவில்லை” என்றார்கள்.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிராணி தோழர்கள் பென்சிலை எடுத்துச் சரிபார்க்கலாம்.

மூன்று ஏக்கர் பழைய மரம். ஏக்கருக்கு 200 கிலோ வீதம் ஆண்டில் 600 கிலோ. அதை வெட்டி ஒட்டுக்கன்று வைத்தால், கத்தி போட ஆறு ஆண்டுகள் ஆகும். அந்த ஆறு ஆண்டில் இழப்பது 3,600 கிலோ. புது மரம் ஏக்கருக்கு 600 கிலோ தந்தால் ஆண்டுக்கு 1,800 கிலோ. முன்னைவிட 1,200 கிலோ கூடுதல். இழந்ததை மீட்கவே மூன்று ஆண்டுகள் வேண்டும். ஆக ஒன்பதாம் ஆண்டின் முடிவில்தான் அவன் பழைய நிலைக்குச் சமமாக நிற்கிறான். கன்று, உரம், களை எடுப்பு, பன்றிக்கும் மானுக்கும் வேலி ஆகியவற்றின் செலவை நாம் இன்னும் சேர்க்கவில்லை. முதல் இரண்டு ஆண்டு பால் குறைவாகவே வரும் என்பதையும் சேர்க்கவில்லை. ஐம்பத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் இந்தக் கணக்கை மனத்தில் போட்டுவிட்டு, “இருப்பதே இருக்கட்டும்” என்றால் அவரை அறிவிலி என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு? அந்த ஆறு ஆண்டும் அடுப்பு எரிய வேண்டுமே!

கணக்கு மாறியபோது அவர் மனமும் மாறியது என்பதற்குச் சரித்திரமே சாட்சி. மலாயாவில் 1952-ல் மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியில் பிடித்த வரியிலிருந்து சிறுதோட்டக்காரருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று தவணை தவணையாகப் பணமும் கன்றும் கொடுத்தார்கள். 1973-ல் அந்தப் பணி ரிஸ்டாவின் கைக்கு வந்தது. தாய்லாந்தில் 1960-ல் மறுநடவு உதவி நிதி ஏற்பட்டது. அங்கே சிறுதோட்டக்காரர்கள் நட்டதில் மிகப் பெரும்பகுதி மலாயாவில் பிறந்த அதே ஆர்.ஆர்.ஐ.எம். 600. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து மலேசியாவை முந்தி உலகில் முதலிடம் பெற்றது. பெருந்தோட்டத் துரைகள் பெற்ற வெற்றியல்ல அது. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் குடும்பங்கள் பெற்றது. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் 1980-ல் வெளிவந்த ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 சிறுதோட்டமெங்கும் பரவியது இதே கதைதான். காத்திருக்கும் காலத்துக்குச் சோறு கிடைத்தால் ஏழை புது மரம் நடுவான்.

கத்திக்கு ஏற்ற மரம்

பணம் மட்டும் போதுமா? போதாது. பால்வெட்டுத் தோழர்களுக்குத் தெரிந்த ஒன்று பட்டணத்து நிபுணர்களுக்குத் தெரிவதில்லை. எல்லா மரமும் எல்லாக் கத்திக்கும் ஒத்துவராது.

தோட்டத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுகிறோம். மூன்று நாளுக்கு ஒரு முறை வெட்டுகிற இடமும் உண்டு. சிறுதோட்டக்காரன் மழை இல்லாத நாளெல்லாம் வெட்டுகிறான். அவனுக்கு அன்றாடச் செலவு உண்டு; தவிர, சிறு நிலத்தில் பங்குக்கு வெட்ட வருகிறவனுக்கும் தினம் வேலை வேண்டும். அதிகப் பால் தரும் சில ரகங்கள் இந்தத் தினவெட்டைத் தாங்குவதில்லை. பட்டை காய்ந்து பால் நின்றுவிடுகிறது. பி.பி. 260-க்கும் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105-க்கும் இந்தக் குறை உண்டு. ஜி.டி. 1 போன்ற பழைய ரகம் உச்சப் பால் தராவிட்டாலும் முரட்டு வெட்டைத் தாங்கும். “நிபுணர் சொன்ன உயர்ந்த ரகத்தை விட்டு மட்டமான ரகத்தை வைத்தான்” என்று குறை சொல்கிறவர்கள், அந்த உயர்ந்த ரகம் எந்த வெட்டு முறையில் அளக்கப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும். ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்த கை வெட்டுகிறது, உரம் தவறாமல் போகிறது. நம் வீட்டுக் கொல்லையில் அப்படியா?

காற்றும் நோயும் வேறு இருக்கின்றன. சில ரகம் பால் அதிகம் தந்து, ஒரு சூறையில் நடுமரத்தில் ஒடிந்து விழும். ஆர்.ஆர்.ஐ.எம். 600-ஐ இளஞ்சிவப்புப் பூஞ்சை எளிதில் பிடிக்கும். கடந்த பத்தாண்டுக்குள் இந்தோனேசியாவில் தொடங்கி மலேசியா, தாய்லாந்து, இந்தியா என்று பரவிய பெஸ்டலோஷியோப்சிஸ் இலையுதிர் நோய் எத்தனை தோட்டங்களை மொட்டையாக்கிற்று! கிழக்கே உள்ள ரப்பர் மரமெல்லாம் பெரும்பாலும் விக்கம் கொண்டுவந்த அந்தச் சில கன்றுகளின் வழிவந்தவை. அண்ணன் தம்பி மரங்கள். ஒன்றைப் பிடித்த நோய் மற்றொன்றையும் பிடிக்கும். தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் பிரேசிலில் ஹென்றி போர்டின் பெருந்தோட்டத்தையே நாசமாக்கியது. 1928-ல் தொடங்கிய அதை 1945-ல் அவர்கள் கைகழுவினார்கள். எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காமல் நாலு ரகம் கலந்து வைக்கிற ஏழை, பெரிய கம்பெனியைவிடப் புத்திசாலியாக இருக்கவும் கூடும்.

இன்னொன்று நம்பிக்கை. ஒட்டுக்கன்றைப் பார்த்து அது என்ன ரகம் என்று சாதாரணமானவன் சொல்ல முடியாது. நாற்றங்கால்காரன் சொன்னதே வேதம். ஆறு ஆண்டு தண்ணீர் ஊற்றி வளர்த்த பிறகு, கத்தி போடும் அன்றுதான் ஏமாந்தது தெரியும். ஒரு தடவை ஏமாந்த ஊரில் பத்து ஆண்டு யாரும் புதுக் கன்றைத் தொட மாட்டார்கள். அந்தத் தயக்கத்தைப் பிற்போக்கு என்று சொல்லாமல், அனுபவம் என்று சொல்வதே நியாயம்.

தேயிலை சொல்லும் பாடம்

இனித் தேயிலைக்கு வருவோம். இங்கே நமக்கு ஓர் அதிசயம் காத்திருக்கிறது.

இலங்கையில் 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். காப்பியை இலைத்துரு நோய் அழித்த பிறகு மலைநாடு முழுவதும் தேயிலை மூடியது. நட்டவர்கள் நம் மக்கள். அவை விதைத் தேயிலை. பின்னர் தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம், ஒரே தாய்ச்செடியின் தண்டை வெட்டிப் பதியம் போட்டு வளர்க்கும் ரகங்களைக் கொடுத்தது. டி.ஆர்.ஐ. 2025 அவற்றில் பேர்போனது. வறட்சியைத் தாங்கும் என்பதால் பரவலாக நடப்பட்டது. பதியத் தேயிலை விதைத் தேயிலையைவிட அதிகக் கொழுந்து தரும்.

யார் இதை நட்டார்கள்? காலி, மாத்தறை, இரத்தினபுரி, களுத்துறைப் பகுதிகளின் சிறுதோட்டக்காரர்கள் நட்டார்கள். இன்று இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு அவர்கள் கையிலிருந்து வருகிறது. ஹெக்டருக்கு அவர்கள் எடுக்கும் விளைச்சல் பெருந்தோட்டக் கம்பெனிகளின் விளைச்சலைவிட அதிகம். கம்பெனிகளின் மலைகளிலோ வெள்ளைக்காரர் காலத்து விதைத் தேயிலை இன்னும் பெரும்பரப்பில் நிற்கிறது. செடிக்குச் செடி காலியிடமும் நிறைய. ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு பரப்பில் மறுநடவு செய்ய வேண்டும் என்று ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது. கம்பெனிகள் அதன் பக்கத்திலும் வரவில்லை.

நிபுணர் இருக்கிறார், வங்கி இருக்கிறது, தொழிற்சாலை இருக்கிறது, கம்பெனி நடவில்லை. ஒரு ஏக்கர்காரன் நட்டான். எப்படி?

முதலாவது, நிலம் அவனுடையது. இன்று நட்ட செடியின் கொழுந்தைத் தானும் தன் பிள்ளையும் பறிப்போம் என்ற உறுதி அவனுக்கு உண்டு. கம்பெனிகள் குத்தகைக்காரர்கள். 1992-ல் தோட்ட நிர்வாகம் அவர்கள் கைக்குப் போயிற்று. பிறகு 53 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. பழைய செடியைப் பிடுங்கி, மண் தேற ஒன்றரை இரண்டு ஆண்டு புல் வளர்த்து, பிறகு நட்டு, மேலும் மூன்று நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். குத்தகை ஆண்டு ஒவ்வொன்றாகக் கரையக் கரைய அந்தச் செலவு எதற்கு என்று அவர்கள் எண்ணுகிறார்கள்.

இரண்டாவது, உதவி வந்தது. 1975-ல் சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்திச் சட்டம் நிறைவேறியது. மானியமும் கன்றும் ஆலோசனையும் கிராமத்துக்குப் போயின.

மூன்றாவது, வாங்குகிறவன் வாசலுக்கு வந்தான். பறித்த கொழுந்து சில மணி நேரத்தில் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். சாலையோரத்தில் எடை போட்டு எடுத்துக்கொள்ள லாரி வந்தது. லாரி வராத கிராமத்தில் எந்த உயர்ந்த ரகமும் பயன்படாது.

ஆகவே குறை கல்வியிலும் இல்லை, நிலத்தின் அளவிலும் இல்லை. நிலம் யாருடையது, காத்திருக்கும் காலத்துக்கு யார் பொறுப்பு, விளைந்ததை எந்த விலைக்கு வாங்குவது என்ற மூன்று கேள்விகளின் விடைதான் எந்தச் செடி நடப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது.

வாங்குகிறவனின் தராசு ரகத்தையே மாற்றும் என்பதற்கு நீலகிரியைப் பார்க்கலாம். அங்கே சிறு விவசாயிகள் கொழுந்தை வாங்கும் தொழிற்சாலைகளிலும் கூட்டுறவுத் தொழிற்சாலைகளிலும் கொடுக்கிறார்கள். நல்ல கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும் எடை ஒன்றே, விலை ஒன்றே என்றால், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பொறுக்கிப் பறிக்கிறவன் நட்டப்படுகிறான். கத்திரி போட்டு வாரி எடுக்கிறவன் பிழைக்கிறான். அப்போது மணம் தரும் ரகத்தை எவன் நடுவான்? கெனியாவில் 2011-ல் ஊதா நிறத் தேயிலை ரகம் ஒன்று வெளிவந்தது. அதைத் தனியாகப் பதப்படுத்தவும் தனி விலைக்கு வாங்கவும் ஏற்பாடு இல்லாத இடத்தில், நட்டவனுக்கு ஊதா இலையும் பச்சை இலையும் ஒரே காசுதான்.

உரமும் அப்படியே. அதிகம் விளையும் ரகம் அதிகம் தின்னும். 2021-ல் இலங்கை அரசு ஒரே மூச்சில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது; அவ்வாண்டு இறுதியில் தடையை நீக்கிய பின்னும் உரத்தின் விலை எட்டாத உயரத்தில் நின்றது. 2021-ல் ஏறத்தாழ 29.9 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022-ல் ஏறத்தாழ 25.1 கோடி கிலோவாக விழுந்தது. மேலிடத்தில் போட்ட ஒரு கையெழுத்துக்கு, பதியத் தேயிலையை நம்பி நட்ட ஏழையே விலை கொடுத்தான்.

விளைச்சல் யாருக்கு?

இப்போது நம் வீட்டுக் கேள்விக்கு வருவோம்.

மரம் இரட்டிப்புப் பால் தந்தால் வெட்டுகிறவனின் சுமை இரட்டிக்கிறது, கூலி இரட்டித்ததா? 1950களில் மலாயாத் தோட்டக் கூலி ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது. விலை விழுந்தால் கூலி விழும். புது ரகத்தால் ஏக்கருக்கு விளைச்சல் ஏறியதன் பங்கை வாதாடித்தான் பெற வேண்டியிருந்தது. அதே காலத்தில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த அந்தத் துண்டாடலைப் பற்றி உங்கு அஸீஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். துண்டு வாங்கியவர்களில் பலர் கன்று நட வாங்கவில்லை. நின்ற மரத்தை வெட்டித் தீர்க்க வாங்கினார்கள். லயத்தில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1960-ல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் முழுத் தோட்டங்களை வாங்கியது அந்த அவலத்துக்கு விடையாக எழுந்த முயற்சி. நிலம் முழுதாக நின்றதால் அங்கே மறுநடவுக்கும் வழி இருந்தது. இதை நாம் மறக்கக் கூடாது.

இலங்கையில் கூலி உயர்வு கேட்கும்போதெல்லாம், “கெனியாவில் எவ்வளவு பறிக்கிறார்கள், நீங்கள் பதினெட்டு கிலோ பறிக்கவே தடுமாறுகிறீர்களே” என்று சொல்கிறார்கள். 2021-ல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வருவதற்கு எத்தனை ஆண்டு போராட வேண்டியிருந்தது! நூறு வயது விதைச் செடி, செங்குத்தான மலை, நாலு செடிக்கு ஒரு காலியிடம்; இவற்றுக்கிடையே நடந்து பறிக்கிறாள் நம் சகோதரி. கூடையின் எடையைத் தீர்மானிப்பது அவள் விரல் மட்டுமல்ல, செடியுந்தான். செடியை மாற்றாதவன் விரலைக் குறை சொல்லலாமா?

அந்தப் பழைய செடிகளைத்தான் இப்போது தொழிலாளியிடம் பிரித்துக் கொடுக்கும் பேச்சு நடக்கிறது. “இனி நீயே சிறுதோட்டக்காரன்” என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. சிறுதோட்டக்காரன் உயர்ந்தது நிலப் பட்டாவால், மானியத்தால், விலை பேசும் உரிமையால் என்று மேலே பார்த்தோம். பட்டா இல்லாமல், மறுநடவுப் பணம் இல்லாமல், கொழுந்தை வாங்குகிறவனே விலையும் சொல்வான் என்றால், அவன் சிறுதோட்டக்காரன் அல்லன். சேமநிதியும் சங்கமும் இல்லாத கூலிக்காரன். 1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று நீலகிரியில் 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். அங்கும் கிடைத்தது கூடைதான், நிலம் அல்ல. நம் மக்களுக்கு இந்த அனுபவம் ஒரு தடவை போதும்.

நம் முடிவு

சிறுதோட்டக்காரர் செய்வதெல்லாம் சரி என்று நாம் சொல்லவில்லை. பட்டை புதுப்பிக்குமுன் வெட்டி மரத்தைக் கெடுக்கிறவர் உண்டு. கன்று விலையில் நாலு காசு மிச்சம் பிடித்து முப்பது ஆண்டு நட்டத்தை நட்டு வைப்பவர் உண்டு. மானியத்தை வாங்கிக் கொண்டு களையை வளரவிட்டவரும் உண்டு. அவர்களுக்குப் புத்தி சொல்ல வேண்டியதுதான். ஆனால் கையில் இல்லாததைக் கேட்டு, இல்லை என்றதும் வசை பாடுவது புத்தி சொல்வதாகாது.

அரசுகளிடம் நாம் கேட்பது நான்கு. நட்ட நிலத்துக்குப் பட்டா அல்லது மரத்தின் ஆயுள் வரைக்குமான எழுத்து உறுதி. காத்திருக்கும் ஆண்டுகள் முழுவதற்கும் தவணைப் பணம். முதல் ஆண்டு கைதட்டி விட்டு மூன்றாம் ஆண்டு மறந்துவிடும் பணம் அல்ல. ரகம் இன்னதென்று பொறுப்பேற்கும் நாற்றங்கால். தரத்துக்கு ஏற்ற விலை. இவற்றைக் கொடுத்த இடத்திலெல்லாம் ஏழை புது மரம் நட்டிருக்கிறான் என்பதை மலாயாவும் தாய்லாந்தும் தென்னிலங்கையும் காட்டிவிட்டன.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சேமநிதிப் பணத்தில் துண்டு நிலம் வாங்க எண்ணுகிறவர்கள், மரத்தின் பெயரைக் கேட்குமுன் பட்டாவைப் பாருங்கள். மூன்று ஏக்கரையும் ஒரே நாளில் வெட்டாமல், ஒன்றொன்றாக மாற்றுங்கள். ஒரே ரகத்தை நம்பாதீர்கள். நீங்கள் எத்தனை நாளுக்கு ஒரு முறை வெட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, அதைத் தாங்கும் மரத்தைக் கேளுங்கள். கன்றின் இளம் வயதில் வாழையோ அன்னாசியோ இடையில் வைத்தால் அடுப்பு அணையாது. பக்கத்தூரில் அந்த ரகத்தைப் பத்தாண்டு வெட்டியவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். எந்த அறிக்கையும் அதற்கு ஈடாகாது. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணி தோழர்கள் ஒப்பந்தத் தாளை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். சிறு எழுத்தில் இருப்பதை முதலில் வாசியுங்கள்.

மலைநாட்டில் செடியைப் பிரித்துக் கொடுக்க வருகிறவர்களிடம் கேட்க வேண்டியவை ஐந்து. நிலம் யார் பெயரில்? எத்தனை ஆண்டுக்கு? மறுநடவு யார் செலவில்? கொழுந்தின் விலையை யார், எதை வைத்துச் சொல்வது? சேமநிதி தொடருமா? ஐந்துக்கும் எழுத்தில் பதில் வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். தனியாகப் போய்க் கேட்கவும் வேண்டாம். சங்கமாகப் போய்க் கேளுங்கள்.

தெம்பனிஸ் மண்ணில் கித்தா நட்டவர்கள் அந்த மண்ணில் ஒரு சாண்கூடத் தமக்கென்று கொள்ளவில்லை. மரம் போனபோது அவர்களும் போக வேண்டியதாயிற்று. நல்ல மரம் வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. அந்த மரத்தின் அடியில் நிற்கிறவனுக்கு நிற்க இடமும் வேண்டும்.